எழுப்புதல் கல்லறையிலிருந்து தொடங்கட்டும்

எங்கள் சபையில் ஆண்டுதோறும் எழுப்புதல் கூட்டம் நடக்கிறது. ஊருக்காக உபவாசமிருந்து ஜெபிக்கிறோம். அதே சபைக்குக் கல்லறைத் தோட்டம் மட்டும் இரண்டு. ஐம்பது வருடம் ஆலயத்தைப் பெருக்கிய என் பாட்டியை முள்காட்டுப் பக்கம்தான் புதைத்தோம், நாங்கள் சேரிக்காரர்கள்.

தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தச் சபை வேரூன்றியதே மயிலாடி வேதமாணிக்கம் என்ற தலித்தால்தான். அவர் அழைத்துத்தான் 1806இல் ரிங்கல்தௌபே அங்கு வந்தார். அந்தச் சபை பள்ளிக்கூடம் திறந்தது. தோள்சீலைப் போராட்டத்தில் பெண்களோடு நின்றது. 1859இல் நாடார் பெண்களின் மேலாடை உரிமையை அரசு ஏற்க வேண்டியதாயிற்று. அன்று ஊருக்குச் சபை தேவைப்பட்டது.

இன்று? தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கும் 1950 ஆணையை எதிர்த்துத் தெருவில் நிற்கிறோம். நியாயமான போராட்டம். மதம் மாறியும் சாதி போகவில்லை என்று அரசிடம் வாதாடுகிறோம். அதையே பிரசங்க மேடையில் சொல்ல ஏன் வாய் வரவில்லை?

தோழர்களே, சபையை விட்டு வெளியேறுவது எளிது. நான் உள்ளே இருந்து கேட்கப்போகிறேன். அடுத்த எழுப்புதல் கூட்டத்துக்குப் பந்தல் போடும் முன், இரண்டு கல்லறைத் தோட்டங்களையும் ஒன்றாக்குங்கள். செத்தவர்களைச் சமமாகப் படுக்கவைக்காத சபை, உயிரோடிருப்பவர்களுக்கு என்ன நற்செய்தி சொல்லிவிடும்?