குழாய் 'சுள்ளுங்குது' என்றால் யார் கேட்கிறார்கள்?

சென்ற மார்கழியில் எங்கள் வீட்டில் நடந்ததை வாசக சகோதரிகளிடம் சொல்லியே ஆக வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவள். கரண்டு விஷயம் இவளுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். தெரியாமல் இருந்ததால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் கொழுந்தனார் லீவில் வந்தபோது, அங்கே வீடு மாற்றியதில் மிச்சமான தெர்மோஸ்டாட் ஒன்றைக் கொண்டுவந்தார். வட்டமாக, கண்ணாடி போட்டு, பார்க்க அழகுதான். "அங்கெல்லாம் வீட்டுக்கு வீடு சுவத்துல இதுதான் அண்ணி. போன்லயே சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம்" என்றார். "நம்ம ஏசிக்குத்தான் ரிமோட் இருக்கே தம்பி" என்றேன். உடனே என் வீட்டுக்காரர், "அப்ப பாத்ரூம் கீசருக்கு மாட்டிருவோம். அம்மா எந்திரிக்கிறதுக்குள்ள தண்ணி சுட்டிரும்" என்று முடிவு பண்ணிவிட்டார். அண்ணனும் தம்பியும் பேசியதுதான், என்னையோ அத்தையையோ யாரும் கேட்கவில்லை.

எலக்ட்ரீஷியன் பையன் ஒருவன் வந்தான். "எல்லாம் வயருதானக்கா, கொடுத்துரலாம்" என்று கட்டிங் பிளேயரை எடுத்துவிட்டான். நல்லவேளை, அன்றைக்கு மோட்டார் ரிப்பேருக்காக எங்கள் தெருப் பெரியவர் ஒருவரும் வந்திருந்தார். முப்பது வருஷமாக வயரிங் வேலை பார்ப்பவர், கம்பியாள் சான்றிதழ் வைத்திருப்பவர். அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது 24 வோல்ட் சாமான். நம்ம லைன் 230 வோல்ட். கொடுத்த நிமிஷமே புகைஞ்சிரும், சுவத்துல தீயும் பிடிக்கலாம்" என்றார்.

அமெரிக்காவில் வீடு முழுவதற்கும் ஒரே பெரிய மிஷின் இருக்குமாம். அதை 'ஓடு, நில்' என்று சொல்வதற்கு மட்டும், டிரான்ஸ்பார்மர் வைத்துக் குறைத்த 24 வோல்ட் கரண்டு மெல்லிய வயரில் சுவருக்கு வருமாம். நம் கீசர் அப்படி இல்லை. 2000 வாட் கீசர் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தடி வயரும் 16 ஆம்பியர் பிளக்கும் வேண்டும். தெர்மோஸ்டாட்டோ கீசருக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. அது கெட்டுப் போனால் கரண்டை நிறுத்த ஒரு கட்-அவுட்டும் இருக்கிறது. அப்புறம் எதற்கு இன்னொன்று?

விஷயம் இதோடு முடியவில்லை. "வந்தது வந்தோம், பாயிண்டையும் பார்த்துருவோம்" என்று மெயினை அணைத்துவிட்டு அந்தப் பெரியவர் பிளக் பெட்டியைக் கழற்றினார். மூன்று ஓட்டை இருக்கிறது, வயர் இரண்டுதான் வந்திருக்கிறது! எர்த் வயரே இல்லை. அந்த மூன்றாவது ஓட்டை இத்தனை வருஷமும் பேருக்குத்தான் இருந்திருக்கிறது.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஏனென்றால் என் மாமியார் இரண்டு மாதமாகவே, "குழாயைத் தொட்டா சுள்ளுங்குதுத்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர், "ஈரக் கைம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார். நானும்தான், வயசான காலத்தில் நரம்புத் தளர்ச்சியாக இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். எங்கள் ஏரியாவில் போர் தண்ணீர் உப்பு. அந்த உப்பு ஹீட்டர் காயிலில் படிந்து படிந்து, காயில் மேல்தோல் வெடித்துக் கரண்டு தண்ணீரில் இறங்கியிருக்கிறது. எர்த் இருந்திருந்தால் அது பூமிக்குப் போயிருக்கும். இல்லாததால் அத்தையின் கைக்கு வந்தது.

"எம்.சி.பி. போட்டிருக்கோமே, அது விழாதா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். "அது வயரைத்தான் காப்பாத்தும் சார், ஆளைக் காப்பாத்தாது" என்றார் பெரியவர். ஆளைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. என்று தனியாக ஒன்று இருக்கிறதாம். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் லைனை அறுத்துவிடும். அதிலேயே 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை அமுக்கினால் டப்பென்று விழ வேண்டும், விழாவிட்டால் மாற்ற வேண்டும். இப்போது அந்த வேலை என்னுடையது.

புதுக் காயில், எர்த் வயர், ஆர்.சி.சி.பி. எல்லாம் சேர்த்து 5,800 ரூபாய் ஆனது. வீட்டுக்காரர் முணுமுணுத்தார். ஏசி வாங்கும்போது இந்த முணுமுணுப்பு எங்கே போனதோ! எர்த் குழி மண் காய்ந்து போனாலும் பிரயோஜனம் இல்லையாம். மதுரை வெயிலைக் கேட்க வேண்டுமா? சித்திரை, வைகாசியில் பாத்திரம் அலசின தண்ணீரை இரண்டு குடம் அதில் ஊற்றிவிடுகிறேன்.

எனக்கு ஒரே ஒரு ஆதங்கம். ஈரக் கையோடு கிரைண்டரையும் மோட்டார் சுவிட்சையும் கீசரையும் நாள் முழுக்கத் தொடுகிறவர்கள் நாம். ஆனால் வயரிங் பேச்சு என்றால் ஆண்களும் எலக்ட்ரீஷியனும் வாசலில் நின்றே பேசி முடித்துவிடுகிறார்கள். நாம் காபி போடப் போய்விடுகிறோம். அடுத்த முறை காபி கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை, பக்கத்தில் நின்று "எர்த் இருக்கா, காட்டுங்க" என்று கேளுங்கள். பிளக்கின் மூன்றாவது வயரைக் கண்ணால் பாருங்கள். வீட்டில் வயசானவர்களோ குழந்தைகளோ "சுள்ளுங்குது" என்றால் முதலில் மெயினை அணையுங்கள், சமாதானம் அப்புறம் சொல்லலாம்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவரை அழைத்துப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தால், அங்கேயும் இரண்டே வயர்தான்.

– ஒரு வாசகி, திருநகர், மதுரை.