மேகம் அங்கே! மழை எங்கே?

தென்னாப்பிரிக்காவுக்கு மேகம் வந்திருக்கிறதாம்! வாணிப ஏடுகள் பூரித்து எழுதுகின்றன. வானத்து மேகமல்ல; ‘கிளவுட்’ என்று பெயர் சூட்டப்பட்ட கணினி மேகம். ஆயிரமாயிரம் கணினிகளைக் கூடங்களில் அடுக்கி வைத்து, கேட்டவர்க்குக் கேட்ட நேரத்துக்கு வாடகைக்கு விடுகின்ற தொழிலுக்குத்தான் அந்த அழகான பெயர். 2018 முதல் 2029 வரை அந்த நாட்டில் 4,600 கோடி ராண்டு போடுவோம் என்கிறது அமேசான். 2027 முடிவதற்குள் மேலும் 540 கோடி ராண்டு என்று 2025 மார்ச்சில் அறிவித்தது மைக்ரோசாப்ட். அதற்கு இரண்டு திங்களுக்கு முன்னர், பத்து இலட்சம் பேருக்குப் பயிற்சி தருவோம் என்றும் அதே நிறுவனம் சொன்னது. ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வேலையில்லாத நாட்டில் இதைக் கேட்டால் காது குளிரத்தான் செய்யும்.

குளிரட்டும். ஆனால் ‘வந்திருக்கிறது’ என்கிறார்களே, அந்தச் சொல்லைத்தான் நாம் முதலில் மறுக்கிறோம். இந்த மேகம் தென்னாப்பிரிக்காவுக்கு வரவில்லை, தோழர்களே! அங்கிருந்து போயிற்று!

கிறிஸ் பிங்க்கம் என்பவர் தென்னாப்பிரிக்கர். அந்நாட்டில் இணையத் தொழில் அரும்பிய நாளிலேயே அதில் இறங்கியவர். பிறகு அமெரிக்கா சென்று அமேசானில் பணியாற்றினார். சொந்த மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்ற விருப்பம் அவருக்கு வந்தபோது, திறமைசாலியை விட்டுவிட மனமில்லாத நிறுவனம், அங்கேயே அலுவலகம் வைத்துக்கொள்ளச் சொன்னது. கேப் டவுன் நகரில் ஒரு சிறு குழு கூடிற்று. ஈ.சி.2 என்று இன்று உலகம் அறிந்த அமைப்பு, கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் அந்த ஏற்பாடு, அவர்கள் கையில் உருவாயிற்று. 2006 ஆகஸ்டில் வெளிவந்தது. மணிக்குப் பத்து சென்ட் வாடகை.

ஆக்கியது கேப் டவுன். அப்படியானால் அமேசானின் மேகக் கூடங்கள் கேப் டவுனில் எப்போது எழும்பின? 2020 ஏப்ரலில்! பதினான்கு ஆண்டு கழித்து! அதுவரை அந்த நாட்டுத் தொழில்முனைவோர் கடல் கடந்து ஐரோப்பாவிலுள்ள கூடங்களைத்தான் நாட வேண்டியிருந்தது. போட்டி நிறுவனமான மைக்ரோசாப்ட் 2019 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் கூடம் திறந்தது. கூகுள் 2024இல் வந்து சேர்ந்தது.

மேகமே வேண்டாம் என்று சொல்பவரல்லர் நாம். சொவேட்டோவில் சிறு நிறுவனம் நடத்துகிற ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். சொந்தமாகக் கணினி வாங்க முதல் வேண்டும். அதைக் குளிர்விக்க வேண்டும். 2023ஆம் ஆண்டில் 300 நாட்களுக்கு மேல் முறைவைத்து மின்சாரத்தை வெட்டினார்களே, அப்போது டீசல் எந்திரத்தை ஓடவிட வேண்டும். இவ்வளவும் இல்லாமல், வேண்டியபோது வேண்டிய அளவு வாடகைக்கு எடுத்து, வேலை முடிந்ததும் விட்டுவிடலாம் என்றால் அவனுக்கு அது ஆதாயம்தான். எவர் மறுப்பர்?

மறுப்பது வேறிடத்தில். விலைப்பட்டியல் டாலரில் இருக்கிறது. அவன் வருமானமோ ராண்டில். 2006இல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 7 ராண்டு. 2023இல் 18 ராண்டுக்கும் மேல். கணினியின் ஆற்றல் பெருகிவிட்டது, அன்றைய பத்து சென்டுக்கு இன்று பன்மடங்கு வேலை நடக்கிறது என்பார்கள், உண்மைதான். ஆயினும் வாஷிங்டனில் வட்டி விகிதம் ஏறினால், சொவேட்டோவில் ஒரு துளி வேலை கூடாமலேயே வாடகை கூடிவிடுகிறதே, அதற்கு என்ன விடை? கூடம் அவன் ஊரில், மின்சாரம் அவன் நாட்டில், காவல் காப்பவன் அவன் தெருக்காரன். விலை மட்டும் அயல்நாட்டு நாணயத்தில்!

இனி, கூட்டாண்மை என்கிறார்களே, அதைப் பார்ப்போம். நிறவெறி ஆட்சி 1994இல் வீழ்ந்தது. ஆட்சி கைக்கு வந்தும் ஆலையும் சுரங்கமும் வங்கியும் பழைய கைகளிலேயே இருந்தன. எனவே 2003இல் ஒரு சட்டம் செய்தார்கள். கறுப்பின மக்களுக்குப் பங்கு கொடு, பதவி கொடு, பயிற்சி கொடு. அதற்கேற்ப மதிப்பெண் பெறு. மதிப்பெண் குறைந்தால் அரசோடு வாணிபம் செய்வது கடினம் என்றது சட்டம்.

பன்னாட்டு நிறுவனங்கள் என்ன சொல்லின? “உலகில் எங்குமே உள்ளூர்க் கிளையின் பங்கை விற்பது எங்கள் வழக்கமில்லை” என்றன. அதற்கும் ஒரு வாசல் திறந்து வைத்திருந்தார்கள். பங்கு விற்க மறுக்கும் நிறுவனம், அங்குள்ள தன் தொழிலின் மதிப்பில் நூற்றுக்கு 25, அல்லது ஆண்டு வருவாயில் நூற்றுக்கு 4 என்று கணக்கிட்டு, அமைச்சர் ஒப்பும் பயிற்சித் திட்டத்திலோ சிறு தொழில் வளர்ச்சியிலோ செலவிடலாம். செலவிட்டால், பங்கு கொடுத்ததாகவே மதிப்பெண் கிடைக்கும்.

இந்த வாசல் வழியாகத்தான் 2021இல் அமேசான் 36.5 கோடி ராண்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. முழுக்கக் கறுப்பினத்தாருக்கே சொந்தமான சிறு கணினி நிறுவனங்களுக்கு மேகத் தொழில் கற்பித்து, அவற்றை வளர்த்துவிடும் திட்டம். நல்ல வேலை, பயன் பெற்றோரும் இருப்பர். 4,600 கோடிக்குப் பக்கத்தில் 36.5 கோடியை வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லையே என்று கேட்கத் தோன்றுகிறது. முதலீட்டுக் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு என்பார்கள். வேறுதான். ஒன்று அவர்கள் பெயரில் சொத்தாக நிற்கும். மற்றொன்று செலவாகித் தீரும்!

‘பார்ட்னர்’ என்று அந்தச் சிறு நிறுவனங்களை அழைக்கிறார்கள். தமிழில் பங்காளி என்போம். பங்குடையவன் பங்காளி, பாகம் பிரிக்கும்போது வாசலில் வந்து நின்று, “என் பங்கு எங்கே?” என்று கேட்கும் உரிமை உடையவன். இந்தப் பங்காளிக்கு என்ன உரிமை? வாடிக்கையாளரைப் பிடித்துத் தரலாம். அவருடைய கணக்குவழக்கைப் பழைய கணினியிலிருந்து மேகத்துக்கு ஏற்றித் தரலாம். அதற்குக் கூலியும் கழிவும் பெறலாம். பங்கு கேட்க முடியாது!

பயிற்சியிலும் இதே கதைதான். 50,000 இளைஞர்களின் தேர்வுக் கட்டணத்தைக் கட்டுவதாக மைக்ரோசாப்ட் சொல்லிற்று. கட்டணமில்லாமல் தேர்வெழுதுவது ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய உதவி. ஆனால் பாடம் வகுப்பவர் யார்? அந்தந்த நிறுவனம். தாள் திருத்துபவர்? அதே நிறுவனம். அமேசான் தரும் சான்றிதழுக்கு ஆயுள் மூன்றே ஆண்டு. பிறகு மீண்டும் தேர்வு. பல்கலைக்கழகம் தந்த பட்டம் மூன்றாண்டில் செல்லாமல் போனதுண்டா? ஒருவர் கடையின் சாமானை விற்கப் பழகியவன் அடுத்த கடையில் பாதியை மறந்து புதிதாகப் பழக வேண்டும். லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் போன்ற, எவர் பூட்டுக்கும் அடங்காத பொது மென்பொருள்களில் முதலில் தேர்ச்சி பெறட்டும். அதன்மேல் அமேசானையும் கற்கட்டும், மைக்ரோசாப்டையும் கற்கட்டும். பிங்க்கம் குழுவினர் இணையத்தின் அடிப்படை தெரிந்தவர்களாக இருந்ததால்தான் ஈ.சி.2 பிறந்தது. சான்றிதழ் வைத்திருந்ததால் அல்ல. அப்போது அப்படியொரு சான்றிதழே இல்லை.

2025 மே மாதத்தில், தொலைத்தொடர்புத் துறையிலும் பங்குக்குப் பதில் திட்டம் என்ற வழியைத் திறக்க அங்குள்ள அமைச்சர் வரைவு வெளியிட்டார். எதிர்ப்பு எழுந்தது. எழாதா? கதவு ஒவ்வொரு துறையிலும் இப்படித் திறந்துகொண்டே போனால், சட்டத்தில் ‘பங்கு’ என்ற சொல் எதற்காக இருக்கிறது?

பங்கைக் கட்டாயப்படுத்தினால் நிறுவனங்கள் ஓடிவிடும் என்று அச்சுறுத்துகின்றனர் சிலர். கூடங்களைக் கட்டி, கம்பிகளை இழுத்துப் போட்ட பிறகு எங்கே ஓடுவார்கள்? கட்டடத்தைத் தூக்கிக்கொண்டா? மேலும், அரசு வெறும் ஆணையிடும் அரசு மட்டுமா? மேகத்தை வாங்குகிற பெரிய வாடிக்கையாளரும் அதுதானே! மருத்துவமனை, பள்ளி, வரித்துறை, நகராட்சி ஆகியவை தனித்தனியே பேரம் பேசாமல் ஒன்றுசேர்ந்து, “ராண்டில் விலை வை, ஐந்தாண்டுக்கு மாற்றாதே” என்று கேட்டால் எந்த விற்பனையாளன் எழுந்து போவான்? திட்டத்துக்கு ஒப்புதல் கேட்டு வரும் கோப்பில், எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தோம் என்ற எண் தடித்த எழுத்தில் இருக்கும். அவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, என்ன ஊதியம், எத்தனை சிறு நிறுவனங்கள் மூன்றாண்டு கழித்தும் நிற்கின்றன என்ற எண்களையும் எழுதிக் கொண்டுவரச் சொல்லிக் கோப்பைத் திருப்பி அனுப்பட்டும் பிரிட்டோரியா.