ட்ரில் மெசினை நிறுத்து வாங்கின கதையும் கொஞ்சம் கோபமும்

‘வின்டேஜ்’ என்ற சொல்லைக் கேட்டாலே இப்ப எனக்கு எரிச்சல் வருது. கொழும்பில அதுக்கு ஒரே அர்த்தம்தான்: மஞ்சள் பல்ப்புக்குக் கீழே வைச்ச, வேலை செய்யாத பழைய சாமான். சிங்கர் தையல் மெசினின் இரும்புக் காலுக்கு மேல பலகை போட்டால் கஃபே மேசை. சிங்கர் கொம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். எத்தனை வீட்டில் ஒரு அம்மம்மா அந்த மிதியை மிதிச்சே பிள்ளைகளைப் படிப்பிச்சிருப்பா! நாங்கள் அதில ஐஸ் கோப்பியை வைச்சுப் படம் எடுக்கிறோம். நானும் எடுத்திருக்கிறன்.

போன வருசக் கடைசியில நானும் மாமாவும் பஞ்சிகாவத்தையில ஒரு பழைய இரும்புக் கடையில பெஞ்ச் ட்ரில் ஒன்று வாங்கினோம். தெரியாத ஆக்களுக்கு: தடிச்ச இரும்புத் தூண், உச்சியில மோட்டரும் பெல்ட்டும், நடுவில ஏத்தி இறக்கக்கூடிய தட்டு, பக்கத்தில மூன்று கைபிடி. கைபிடியை இழுத்தால் துளைக்கிற கூர் நேரே கீழே இறங்கும். கையில பிடிக்கிற ட்ரில்லால் எவ்வளவு கவனமாகப் போட்டாலும் துளை கொஞ்சம் சரியும். இதில சரியாது.

கடைக்காரர் அதைத் தராசில ஏத்தினார். வளைஞ்ச கம்பிக்கும் உடைஞ்ச கேற்றுக்கும் என்ன விலையோ, அதுதான் இதுக்கும். நாங்கள் எடுக்காட்டி அடுத்த லொறியில உருக்கப் போயிருக்கும். தூணுக்குப் பின்னால நாலு ஆணித் துளை மட்டும் இருந்தது. பெயர்த்தகடு எங்கே என்று கேட்டன். “அது பித்தளை தம்பி, பித்தளைக்கு வேற விலை” என்றார். அதனால இது எந்தக் கொம்பனி, எந்த ஆண்டு என்று எங்களுக்குத் தெரியாது. மில்லிமீற்றர் ஸ்பானர் எதுவும் நட்டுகளுக்குப் பிடிக்கேல்லை, எல்லாம் பழைய அங்குல அளவு. இங்கிலாந்துச் சாமானாக இருக்கலாம்.

அந்தக் கடைக்காரரில எனக்குக் கோபமில்லை. அவருக்கு வாடகை கட்ட வேணும். மெசினாக வாங்க ஆள் வந்தால் மெசினாக விப்பார். வாறதுக்கு ஆள் இல்லை, அதுதான் பிரச்சினை.

கொட்டாஞ்சேனையில மாமாவின் பின்கொட்டிலில வைச்சு, நாலு ஞாயிற்றுக்கிழமை. மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையுமாகத் தூணைத் தேய்ச்சோம். துரு போக, உள்ளே வெள்ளையாக இரும்பு. மோட்டர் பிறகு எப்பவோ மாத்தினது போல, அதுக்குள்ள இருந்த பெயரிங் 6203. அந்த நம்பரைச் சொன்னால் உலகத்தில எந்தக் கடையிலும் அதே அளவு கிடைக்கும்: உள்வட்டம் 17 மில்லிமீற்றர், வெளிவட்டம் 40, தடிப்பு 12. வோஷிங் மெசினிலும் அதே பெயரிங்தான். கெப்பாசிற்றரும் பெல்ட்டும் ஒரே நாளில கிடைச்சது.

என்னை அசத்தினது வேற. கூரைப் பிடிக்கிற சக், தண்டோட எப்படி ஒட்டியிருக்குது என்று தேடினன். ஸ்க்ரூ இல்லை, பின் இல்லை. மெலிசாகச் சரிஞ்ச ஒரு கூம்பு, அதே சரிவுள்ள குழிக்குள்ள போய் இறுகி நிக்குது. அவ்வளவுதான். ஸ்டீபன் மோர்ஸ் என்ற அமெரிக்கர் 1860களில கொண்டுவந்த வேலை அது, இன்றைக்கும் அதே அளவில செய்யிறார்கள். கழற்ற, பக்கத்திலுள்ள பிளவுக்குள்ள ஒரு ஆப்பைச் செருகி ஒரு தட்டு. கலைப்பீடத்தில மூன்று வருசமாக ‘வடிவம்’, ‘அமைப்பு’ என்று கட்டுரை எழுதுறன். அன்றைக்குத்தான் ஒரு அமைப்பைக் கையால தொட்டன்.

வெள்ளவத்தையில வீட்டுக்கு வந்தால், நகத்துக்குள்ள கிறீஸைப் பார்த்து அம்மா கேட்டா, “படிக்கிற பிள்ளைக்கு இது என்ன வேலை?” இந்தக் கேள்வி அம்மாவுடையது மட்டுமில்லை. எங்கட ஆக்களிடம் கை அழுக்காகிற வேலைக்குச் சாதி இருக்கு, அதைப் பெயர் சொல்லாமல் ‘படிப்பு’ என்று மூடி வைச்சிருக்கிறோம். மேசன், தச்சர், மெக்கானிக் எல்லாரையும் ‘பாஸ்’ என்று கூப்பிடுறோம். ஒல்லாந்தர் மொழியில அது எசமானைக் குறிக்கிற சொல். எசமானுக்குத் தேத்தண்ணியை வாசலில வைச்சுத்தான் குடுப்போம்.

இதே நாங்கள்தான், 90களில யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓடின கதையையும் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட கதையையும் கண்ணீர் வர முகநூலில பகிர்றோம். அந்த மண்ணெண்ணெய்க் கை இன்றைக்கு லேத் கடையில நிக்கிற பெடியனுடையதாக இருந்தால், எங்களில எத்தனை பேர் அவனோட இருந்து சாப்பிடுவோம்?

“புதுசு வாங்கினால் என்ன, மலிவுதானே?” என்று கம்பஸில ஒருத்தன் கேட்டான். 2022 மார்ச் தொடக்கத்தில 200 ரூபாயளவில இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. மலிவு எவ்வளவு நாளைக்கு நிக்கும் என்று அப்ப பார்த்தாச்சு. புதுசில எல்லாமே குப்பை என்று சொல்லேல்லை. பழசு எல்லாம் பொன்னுமில்லை. எங்கட மெசினில பெல்ட்டுக்கு மூடி இல்லை, எர்த் வயர் இல்லை. இரண்டையும் போட முதல் மாமா சுவிட்சைத் தொட விடேல்லை. ஓடேக்குள்ள கையுறை போடவும் கூடாது, கூரில மாட்டினால் கையையே இழுத்துப் போடும். தலைமயிரையும் கட்ட வேணும். இதையெல்லாம் சொல்லாமல் பழசைப் புகழ்றவனை நம்பாதேங்கோ.

ஃப்ளாட்டில இதை எங்கே வைக்கிறது என்பது நியாயமான கேள்வி. வைக்க ஏலாது. இரண்டு பேர் தூக்கவே மூச்சு வாங்குது, கீழ்வீட்டுக்காரரும் விடமாட்டார். ஆனால் வீட்டுக்கு ஒன்று யார் கேட்டது? ஒரு ஒழுங்கைக்கு ஒன்று போதும். போன கிழமை பக்கத்து வீட்டு ஆச்சியின் நடைச்சட்டத்தில இன்னொரு துளை போட்டு உயரத்தைக் குறைச்சோம். அஞ்சு நிமிச வேலை. அதுக்குப் புதுச் சட்டம் வாங்கச் சொல்லியிருந்ததாம் கடையில.

சக்கை இறுக்கிற சாவிதான் இன்னும் கிடைக்கேல்லை, இப்போதைக்கு ஒரு அலன்கீயை வைச்சுச் சமாளிக்கிறோம். யாருடைய வீட்டு லாச்சியிலாவது பல்லுப் பல்லாக, ‘ட’ போல ஒரு பழைய சாவி கிடந்தால், கஃபேக்காரனுக்குக் குடுக்காமல் எங்களுக்குத் தாங்கோ. ஞாயிறு காலமை பத்து மணிக்குப் பிறகு கொட்டிலில ஆள் இருக்கும்.