நாய்க்குப் போய் அழுவார்களா?

எங்கள் வீட்டு மணி போய் நாற்பது நாளாகிறது. பதிமூன்று வயது. வெள்ளை நிறம், குட்டை உருவம். பொமரேனியன் என்று சொல்லித்தான் மகன் வாங்கி வந்தான். நம் ஊர்களில் அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்று கால்நடை மருத்துவர் பிறகு சொன்னார். எதுவாக இருந்தால் என்ன, ஏழெட்டுக் கிலோ உடம்பில் எழுபது கிலோ தைரியம் அதற்கு.

கீரைக்காரம்மா தெருமுனையில் குரல் கொடுக்கும்போதே முகப்புக்கு ஓடிவிடும். தபால்காரரைக் கண்டால் ஆகாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பியோடு மட்டும் அத்தனை சிநேகம். நாலு தெருநாய் சேர்ந்து வந்தாலும் கேட்டுக்கு உள்ளே நின்று விரட்டும். கேட்டைத் திறந்தால் என் காலுக்குப் பின்னால் வந்து ஒளியும்! வெயில் காலத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வயிறு ஒட்டப் படுத்துக் கிடக்கும். பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகு, அத்தனை பெரிய வீட்டில் சத்தம் என்று இருந்தது அதன் சத்தம்தான்.

இந்த வருஷம் சிறுநீரகம் கெட்டுவிட்டது. டிரிப்ஸ் ஏற்றினோம், மருந்து கொடுத்தோம். கடைசியில் என் மனைவி கையால் ஊட்டிய தயிர்ச் சோற்றைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

அன்று காலை அதனால் எழுந்திருக்க முடியவில்லை. மூச்சு விட்டு விட்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். "என்னண்ணே, நாய்க்குப் போயா இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றார் ஒருவர். தொண்டை அடைத்தது. அவர்கள் முன்னால் அழுதுவிடுவேனோ என்ற பயத்தில், பாஸ்புக்கில் வரவு பதிய வேண்டும் என்று சொல்லி பேங்குக்குக் கிளம்பிவிட்டேன்.

பதினோரு மணிக்குத் திரும்பினேன். முடிந்திருந்தது. அதன் தலை என் மனைவி மடியில் இருந்தது. "கேட்டையே பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. பின்கட்டு வேப்பமரத்தடியில் குழி வெட்டி, உப்பும் மஞ்சளும் போட்டுப் புதைத்தோம்.

சில வருஷத்துக்கு முன், 2022இல், நம் மாவட்டத்திலேயே மானாமதுரைப் பக்கம் நடந்த ஒரு செய்தி பத்திரிகைகளில் வந்தது. ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவர், இறந்துபோன தன் லாப்ரடார் நாய் டாமுக்குப் பளிங்கில் சிலை செய்து கோயில் கட்டியிருந்தார். எண்பதைத் தாண்டிய மனிதர். பேப்பரை மடித்துவிட்டுச் சிரித்தவன் நான். இப்போது அவரை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. அவருக்கு இருந்த துணிச்சலில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால், அன்று காலை வீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன்.

நாய்க்குத் துக்கப்படுவது இந்தக் காலத்துப் பணக்காரப் பழக்கம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட ஒரு வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்ற அதன் பெயரையும், கள்ளர் இருவரைக் கடித்துவிட்டு அது காவலுக்கு நின்றதையும் எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மாடு மேய்த்துப் பிழைத்த அந்த ஊர்க்காரர்கள் வெட்கப்படவில்லை. நாம் மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் வைரவன்பட்டிக்குப் போய், நாயை வாகனமாகக் கொண்ட சாமியைக் கும்பிடுகிறோம். வீட்டு நாய் செத்தால் கண்ணீரை ஒளிக்கிறோம்.

மனிதருக்கே சோறில்லாத நாட்டில் நாய்க்கு என்ன இத்தனை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோயிலும் சிலையும் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காசு செலவில்லாத ஒன்றைத்தான் சொல்கிறேன். வயதான நாயைக் கொண்டுபோய் ஊர்க்கோடியில் விட்டுவிட்டு வராதீர்கள். இனி வலி தீராது, ஊசி போட்டு அமைதியாக அனுப்பிவிடலாம் என்று மருத்துவர் சொன்னால், பக்கத்தில் நின்று தலையில் கை வையுங்கள். தெரிந்த கையும் தெரிந்த குரலும் அந்த நேரத்தில் அதற்குப் போதும். அழுகை வந்தால் அழுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் பேசுவார், மறுநாள் மறந்துவிடுவார். நான் போகாமல் இருந்திருக்கலாமே என்ற நினைப்பு அப்படி மறக்கிற சங்கதி இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு மணி இருக்கலாம். அதன் கடைசிக் காலையில் பேங்குக்குப் போகாதீர்கள். பாஸ்புக்கை நாளைக்குப் பதிந்துகொள்ளலாம்.