உபாத்தியாயரும் செயல்திட்டமும்

நமது பள்ளிக்கூடங்களில் “செயல்திட்டம்” என்பதாக ஒன்று நடந்து வருகின்றது. பிள்ளைகள் புத்தகத்தை நெட்டுருப் போடுவதை விட்டு, ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, தாமே விசாரித்து, தாமே அளந்து, தாமே முடிவு கண்டு கற்கவேண்டும் என்பது இதன் தத்துவமாம். கேட்பதற்கு வெகு நேர்த்தியாகத்தான் இருக்கின்றது. எதையும் ஏன், எப்படி என்று கேள் என்பதைத் தவிர நாம் இத்தனை வருஷ காலமாக வேறு என்ன சொல்லி வருகின்றோம்? ஆனால் காரியத்தில் நடப்பது என்ன என்று பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை மாலை மணி அடிக்கும் சமயத்தில் உபாத்தியாயர், “அருவி பற்றிச் செயல்திட்டம், திங்கட்கிழமை கொண்டுவா” என்கிறார். பிள்ளை தாயிடம் சொல்லுகிறது. தகப்பன் கடைக்கு ஓடித் தெர்மாகோல் அட்டை, நீலக் காகிதம், பசை, ஜிகினா வாங்கி வருகிறான். இரவு பதினொரு மணி வரையில் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து, பஞ்சை நீளமாக இழுத்து ஒட்டி “அருவி” செய்கிறார்கள். பிள்ளை தூங்கிப் போகிறது. திங்கட்கிழமை வகுப்பில் நாற்பது பஞ்சு அருவிகள் வரிசையாக நிற்கின்றன. நிஜமான அருவியோ தென்காசியிலிருந்து மூன்று மைலில் விழுந்துகொண்டிருக்கின்றது! தோழர்களே, இதற்கும் நவராத்திரிக் கொலுவுக்கும் என்ன வித்தியாசம்? கொலுவிலாவது கடைசியில் சுண்டல் கிடைக்கும்.

வாங்கப் பணமில்லாத கூலிக்காரன் பிள்ளை ஒரு பழைய காலண்டர் படத்தை ஒட்டிக்கொண்டு வந்தால் அவனுக்கு மார்க்குக் குறைவு. ஆகவே இங்கே சோதிக்கப்படுவது பிள்ளையின் அறிவல்ல, தகப்பனுடைய மடிப்பணம்.

இம்முறை நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவில் ஜான் டூயி என்பவர் 1896ஆம் வருஷத்தில் சிகாகோவில் ஒரு பள்ளிக்கூடம் வைத்து, செய்து பார்த்துக் கற்பதைச் சோதித்தார். அவர் வழிவந்த கில்பாட்ரிக் 1918இல் “செயல்திட்ட முறை” என்று ஒரு கட்டுரையே எழுதினார். நம் நாட்டில் 1993 முதல் நடந்துவரும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பிள்ளைகள் தங்கள் ஊர் விஷயத்தை எடுத்து ஆராய்ந்து வந்து பேசுகிறார்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08இல் தமிழ்நாடு முழுவதும் ஆரம்பப் பள்ளிகளுக்கு வந்தது. 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது நூற்றுக்கு நாற்பது மார்க்கு எழுத்துப் பரீட்சைக்கு வெளியே போயிற்று. சர்க்கார் உத்தரவுக்குக் குறைவில்லை. உத்தரவு வந்த அளவுக்கு, உபாத்தியாயருடைய வேலை என்னவாக மாறவேண்டும் என்ற யோசனை வரவில்லை என்பதுதான் நமது புகார்.

நிற்க. “கையால் செய்து கற்பது” என்றாலே நமக்கு ஒரு சந்தேகம் உண்டு. அது அகாரணமான சந்தேகமல்ல. தென்காசி 2019ஆம் வருஷம் வரையில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவில்தான் சேரன்மாதேவி குருகுலம் இருந்தது. காங்கிரஸ் பணத்தையும் பொது ஜனங்கள் பணத்தையும் வாங்கிக்கொண்டு, தேசியக் கல்வி தருகிறோம், தொழிலும் கற்பிக்கின்றோம் என்று நடத்திய அவ்விடத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, மற்றப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. தமிழ்நாடு காங்கிரசைக் கலக்கிவிட்ட அந்தச் சண்டை முற்றிய 1925ஆம் வருஷத்தில்தான் “குடி அரசு” பிறந்தது. பெரியாரும் காங்கிரசை விட்டு வெளிவந்தார். பிறகு 1953இல் ஆச்சாரியார் ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றார். வண்ணான் பிள்ளை வெளுக்கவும், அம்பட்டன் பிள்ளை சிரைக்கவும், சக்கிலியன் பிள்ளை செருப்புத் தைக்கவும் சர்க்காரே நேரம் ஒதுக்கிக் கொடுத்த அதிசயம் அது! குலக்கல்வி என்று அதற்குப் பெயர் வைத்து நாம் போராடினோம். 1954இல் காமராசர் சர்க்கார் அதை ரத்துச் செய்தது.

இந்த இரண்டிலும் கையால் செய்வது இருந்தது. கேள்வி கேட்பது இல்லை. தொழிலைச் செய்துகொண்டே இருப்பது கல்வியாகாது. அது ஏன் அப்படி, வேறு விதமாக இருக்கக்கூடாதா, நான்தான் செய்யவேண்டுமா என்று பிள்ளை கேட்டால்தான் கல்வி. அப்படிப்பட்ட கேள்வி எழும்படியாக வேலையை அமைப்பதுதான் உபாத்தியாயர் காரியம். பதிலைச் சொல்லிக்கொடுக்க இப்போது புத்தகம் இருக்கின்றது, கையில் போன் இருக்கின்றது. அதற்கு ஒரு உபாத்தியாயர் சம்பளத்துக்குத் தேவையில்லை.

ஒரு உதாரணம் சொல்லுகின்றோம். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல். செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே மலையில் இருக்கும் இடைவெளி வழியாக மேல்காற்று ஈரத்தோடு நுழைகின்றது. தென்காசியில் தூறல். கிழக்கே ஆலங்குளம், சுரண்டைப் பக்கம் போகப்போகக் காற்று இருக்கின்றது, மழை இல்லை. இதை உபாத்தியாயர் பலகையில் எழுதிப்போட்டால் மூன்று வரி. பிள்ளை பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடும். அதற்குப் பதிலாக, செங்கோட்டை, குற்றாலம், தென்காசி, சுரண்டை, சங்கரன்கோவில் ஆகிய ஐந்து ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஆளுக்கொரு நேரான தகர டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, தினம் காலை எட்டரை மணிக்கு அடிக்கோலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதட்டும். ஒரு மாதம் எழுதி, ஐந்து ஊர்க் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். செலவு ஒன்றுமில்லை.

இதில் உபாத்தியாயருக்கு வேலை இல்லையென்று நினைக்கவேண்டாம். வேலை அதிகம். வகுப்பில் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: “வாய் அகலமான டப்பா வைத்தால் மழை அதிகமாகக் காட்டாதா?” நமது பழைய வாத்தியார் உடனே “காட்டாது, உட்கார்” என்பார். புதிய உபாத்தியாயர், “இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நேரான டப்பாக்களில் சிறிதும் பெரிதும் ஒரே உயரம் காட்டுவதைக் கண்டு பிள்ளை திகைக்கும். மேலே விரிந்த வாளியை வைத்த பிள்ளைக்கு மட்டும் கணக்குத் தப்பும். ஏன் தப்பிற்று என்று அவர்கள் சண்டை போடுகிற அரை மணி நேரம் இருக்கிறதே, அதுதான் பாடம். பேசாமல் இருப்பது பேசுவதைவிடக் கஷ்டமான வேலை என்பது உபாத்தியாயர்களுக்குத் தெரியும்.

குற்றாலத் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், சகல வியாதியும் தீரும் என்கிறார்கள். அங்கே கோயில் புராணம் இன்னும் ஒருபடி மேல். நின்றிருந்த திருமாலை அகத்தியர் தலையில் கையை வைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கி விட்டாராம். அழுத்திய வேகத்தில் சாமிக்குத் தலைவலி வந்துவிட்டதாம். அதற்காகத் தினம் தைலம் சாத்துகிறார்களாம். சகல வியாதியையும் தீர்க்கும் அருவி பக்கத்திலேயே இருக்க, சாமியின் தலைவலிக்கு ஏன் தனியாகத் தைலம் என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அதற்கு முழு மார்க்கும் போடலாம்.

ஆனால் நமது கொள்கைக்கார உபாத்தியாயர்களுக்கு ஒரு வார்த்தை. “மூலிகை எல்லாம் புரட்டு என்று எழுது” என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தால், “மூலிகை உண்டு என்று எழுது” என்று சொல்லும் புராணிகனுக்கும் உங்களுக்கும் பேதமில்லை. அருவித் தண்ணீர், ஊர்க் கிணற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர் மூன்றையும் ஒரே அளவு எடுத்து, ஒரே மாதிரித் தட்டுகளில் ஊற்றி, வெயிலில் வற்றவிட்டு, அடியில் என்ன தங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். குளிக்கிற கூட்டத்துக்கு மேலே எடுத்த தண்ணீருக்கும், எண்ணெயும் சோப்பும் கலந்து கீழே ஓடுகிற தண்ணீருக்கும் பேதம் தெரிகிறதா என்று பார்க்கட்டும். இதனால் மருந்து இல்லை என்று நிரூபணமாகிவிடுமா? ஆகாது. எதை நிரூபிக்கலாம், எதற்கு இந்தத் தட்டு போதாது என்று பிள்ளை அறிவதே நமக்கு வேண்டியது.

அளப்பது விளையாட்டுக் காரியமல்ல. 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று பெருகிய வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். விதி என்று சிலர் சொல்லுவார்கள். மேலே காட்டில் பெய்யும் மழைதான் அருவியில் வெள்ளமாக வருகின்றது. கீழே நிற்பவன் தலைக்கு மேல் வெயில் அடிப்பது அதற்குச் சாட்சியாகாது. மழையை அளந்து பழகிய பிள்ளை மலைமேல் கருத்திருப்பதைக் கண்டால் கரையேறும், கூட இருப்பவர்களையும் இழுத்துக்கொண்டு ஏறும். (அளக்கிறேன் என்று பிள்ளைகளை வெள்ளக் காலத்தில் அருவிக்கு அழைத்துப் போகிற புத்திசாலித்தனம் வேண்டாம். டப்பா பள்ளிக்கூடத்து முற்றத்தில் இருந்தால் போதும்.)

இனி, மிக முக்கியமான விஷயத்துக்கு வருவோம். “ஊர்க் கடைக்குப் போய்ப் பத்துச் சாமான்களின் விலையைக் கேட்டு எழுதி வா” என்பது உபாத்தியாயர்கள் சாதாரணமாகக் கொடுக்கும் ஒரு வேலை. குற்றமில்லாத வேலையாகத்தான் தோன்றும். ஆனால் 2022 செப்டம்பரில் இதே தென்காசி ஜில்லா பாஞ்சாகுளத்தில் என்ன நடந்தது? தின்பண்டம் வாங்கவந்த ஆதிதிராவிடப் பிள்ளைகளிடம், உங்களுக்குக் கொடுக்கக்கூடாதென்று ஊர்க் கட்டுப்பாடு, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரன் சொல்லித் திருப்பி அனுப்பினான். அது படமாகி நாடெங்கும் பரவிய பிறகுதான் கைதும் வழக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவர்கள்! அப்படிப்பட்ட ஊரில் விலை கேட்டு வரச் சொன்னால், ஒரு பிள்ளை கணக்கோடு வரும், இன்னொரு பிள்ளை அவமானத்தோடு வரும். விலைப் பட்டியல் காலியாக இருப்பதைக் கண்டு “சோம்பேறி” என்று உபாத்தியாயர் அடிக்கவும் கூடும்.

“உன் தகப்பன் தொழிலைப் பற்றி எழுது”, “உன் தெருவைப் படம் வரை” என்பவையும் அப்படியே. தெருவின் பெயரைக் கேட்டாலே ஜாதி தெரிந்துவிடுகிற நாட்டில், இவை ஜாதியைப் பகிரங்கமாகக் கேட்பதற்குச் சமானம். வேலையைக் கொடுக்குமுன் எந்தப் பிள்ளைக்கு எந்த வாசல் மூடியிருக்கின்றது என்று உபாத்தியாயர் யோசிக்க வேண்டாமா? யோசித்தால் பிள்ளைகளைத் தனித்தனியே அனுப்பமாட்டார். எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்த கூட்டமாக, தாமும் கூடப் போய், ஊர் முழுவதும் சுற்றுவார். எந்தத் தெருவில் குழாய் இருக்கின்றது, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகின்றது என்று அவர்கள் எல்லோரும் சேர்ந்து எண்ணினால், அந்த எண்ணிக்கையை யாரும் மறுக்க முடியாது.

கூட்டத்திலும் வேலைப் பங்கீட்டைக் கவனிக்க வேண்டும். மேல்ஜாதிப் பையன் எழுதுகிறான், பேசுகிறான். கீழ்ஜாதி என்று சொல்லப்படுகிற பையன் சாமான் தூக்குகிறான். பெண்பிள்ளைகள் கோலம் போட்டு, இடத்தைப் பெருக்குகிறார்கள். குருகுலப் பந்தி இப்படித்தான் பெயரை மாற்றிக்கொண்டு வகுப்புக்குள் நுழைகின்றது. வாரத்துக்கு வாரம் வேலையை மாற்று என்று உபாத்தியாயர் பட்டியல் போட்டால் தீர்ந்தது. பெருக்குகிற வாரம் எல்லோருக்கும் வரட்டும்.

உபாத்தியாயர்களுக்கும் நியாயம் உண்டு. ஒருவர் இரண்டு மூன்று வகுப்புகளைப் பார்க்கிறார். வாக்காளர் ஜாபிதா, பல சர்க்கார் கணக்குகள், புகைப்படம் எடுத்து மேலே அனுப்பும் வேலை எல்லாம் அவர் தலையில். மேலதிகாரி வந்தால் பார்ப்பது அலங்காரமான பஞ்சு அருவியைத்தானே தவிர, டப்பாவுக்குள் இருக்கும் நாலு மில்லிமீட்டரை அல்ல. ஆகையால் இலாகாவைக் கேட்கின்றோம்: வருஷத்துக்குப் பத்துச் செயல்திட்டம் என்று எண்ணிக்கை கேட்காமல் ஒன்றிரண்டைக் கேளுங்கள், கடையில் வாங்கிய சாமானுக்கு மார்க்கில்லை என்று ஒரு வரி உத்தரவு போடுங்கள், பக்கத்து ஊர் உபாத்தியாயர்கள் மாதம் ஒருமுறை கூடித் தங்கள் கணக்குகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அரைநாள் கொடுங்கள்.

ஐந்து ஊர் மழைக்கணக்கைப் பள்ளிக்கூடத்து வெளிச் சுவரில், பெற்றோர்கள் படிக்கும்படி எழுதட்டும். சாரல் முடிந்தது என்று புரட்டாசியில் டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டாம். ஐப்பசியில் வடகிழக்குக் காற்று திரும்பும்போது அந்த ஐந்து ஊர்களின் வரிசை அப்படியே நிற்கின்றதா, சங்கரன்கோவில் மேலே ஏறுகின்றதா என்று பிள்ளைகளை முதலில் ஊகித்து எழுதச் சொல்லி, தை மாதம் பிரித்துப் பார்க்கலாம்.