இசைவாணி நம்ம ஏரியாப் பொண்ணு என்றால்...

அன்புப் பிள்ளைகளுக்கும் சொந்தங்களுக்கும்,

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

உங்களில் ஒருத்தி, இப்போது அவளும் டீச்சர், போன வாரம் போன் செய்தாள். அவள் பள்ளி ஆண்டு விழாவில் கானா பாட ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பெயர் கொடுத்திருக்கிறாள். விழாக் குழுவில் பெயரை அடித்துவிட்டார்கள். "பையன் பாடினாக்கூட பரவாயில்ல, பொண்ணு போய் கானாவா?" என்பது காரணம். அதே பட்டியலில் கொரியப் பாட்டுக்கு ஆடுகிற குழு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. "நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?" என்று கேட்டாள். போனில் பேசியது போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கொரியப் பாட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பேத்தி புண்ணியத்தில் ஜே பார்க் கதைகூட எனக்குத் தெரியும். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துக்குப் பக்கத்தில் கொரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 2008இல் சியோலில் டூபிஎம் என்ற குழுவில் மேடையேறினார். எப்போதோ இணையத்தில் எழுதியதை யாரோ கிளறிவிட, 2009இல் குழுவை விட்டு விலகி ஊர் திரும்பினார். பிறகு மறுபடி போய்ப் பாடகராகவும் ராப்பராகவும் நின்று, சொந்தமாக இசைக் கம்பெனியும் தொடங்கினார். நல்ல கதைதான். அவர் பாடுகிற ராப் எங்கிருந்து வந்தது? 1973 வாக்கில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், கறுப்பினப் பிள்ளைகள் நடத்திய விருந்துகளில் தொடங்கியது. அங்கே ஏழைப் பேட்டையில் பிறந்த பாட்டு உலகத்தைச் சுற்றிக்கொண்டு சியோல் வழியாக நம் பள்ளி மேடைக்கு வந்தால் கௌரவம். நம்ம பேட்டையில் பிறந்த பாட்டு இரண்டு தெரு தாண்டி வந்தால் அசிங்கம். இந்தக் கணக்குதான் எனக்குப் புரியவில்லை.

அந்தப் போனுக்குப் பிறகு எனக்கு இசைவாணி ஞாபகம் வந்தது. ராயபுரத்துப் பெண். அப்பா இசைக்கலைஞர். சின்ன வயதிலேயே மேடையேறிச் சினிமாப் பாட்டு பாடத் தொடங்கியவர். அதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை. பெண் பிள்ளை மைக் பிடித்து மெலடி பாடினால் ஊரே கை தட்டும். கானா என்று வந்தபோதுதான் கதவு தெரிந்தது.

என்ன கதவு என்று சொல்கிறேன். நம் பக்கத்துச் சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள். உள்ளே உடலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். செத்தவரின் குணம், பட்ட கஷ்டம், விட்டுப்போன கடன் எல்லாம் அந்த ஒப்பாரியில் வரும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவாள். வெளியே ஷாமியானாவுக்குக் கீழே விடிய விடிய மரண கானா. அங்கே தபேலா, டோலக், புல்புல்தாரா. எதுவும் கிடைக்கவில்லை என்றால் தீப்பெட்டியிலேயே தாளம். (விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி நம் திருவொற்றியூரில் இருந்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் எனக்குச் சொல்லப் பிடிக்கும்.) உள்ளே பாடுவதும் அதே துக்கம், வெளியே பாடுவதும் அதே துக்கம். ஆனால் உள்ளே பாடியவளுக்கு மைக் கிடையாது, பேர் கிடையாது, காசும் கிடையாது. வெளியே பாடுகிறவர் கலைஞர், அவருக்கு அட்வான்ஸ் உண்டு. ஒப்பாரி பாடாதே என்று நம் பெண்களை யாரும் தடுத்ததே இல்லை. வாசற்படியைத் தாண்டிப் பாடாதே என்பதுதான் தடை. இசைவாணி அந்த வாசற்படியைத்தான் தாண்டினார். அவரை நான் பெரிதாக நினைப்பதற்கு வேறு காரணமே வேண்டாம்.

கானா என்றாலே ரவுடிப் பாட்டு, குப்பத்துப் பாட்டு என்று நம் சொந்தங்களிலேயே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பட்டினத்தார் சமாதி எங்கே இருக்கிறது? நம் திருவொற்றியூர்க் கடற்கரைப் பக்கம்தானே. உடம்பு நிலையில்லை, சேர்த்த காசு கூட வராது என்று அவர் பாடினால் தத்துவம். பாடப்புத்தகத்தில் வைத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். அதையே ஒரு துறைமுகக் கூலித் தொழிலாளி சாவு வீட்டில் தீப்பெட்டி தட்டிப் பாடினால் மட்டும் ஏன் வேறு பெயர்? தியாகராஜ சுவாமிகள் நம் வடிவுடையம்மன் மேல் ஐந்து கீர்த்தனை பாடியிருக்கிறார். அதுவும் இந்த மண்ணில் விளைந்ததுதான், கானாவும் இந்த மண்ணில் விளைந்ததுதான். ஒன்றுக்கு சபா, இன்னொன்றுக்கு சந்து. நடுவில் இருப்பது இசையின் தரம் இல்லை, பாடுகிறவர்களின் சாதி. இதை மழுப்பிச் சொல்ல எனக்கு வயதில்லை.

சினிமாவில் வந்தால் மட்டும் நமக்குப் பிடிக்கிறது. 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடிய மீன் கல்யாணப் பாட்டுக்குக் கல்யாண வீடுகளில் நீங்கள் போட்ட ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். 2012இல் 'அட்டகத்தி' வந்த பிறகு கானா பாலா பாட்டு இல்லாத ஆட்டோ கிடையாது. அவர் வழக்கறிஞர் என்பது தெரிந்ததும் எத்தனை பேர் ஆச்சரியப்பட்டீர்கள்! கானா பாடுகிறவர் சட்டம் படித்திருக்கக் கூடாதா என்ன?

இன்னொரு குறையும் சொல்கிறார்கள். நிறைய கானாவில் பெண்களைக் கேவலமாகப் பாடுகிறார்கள், ஏமாற்றுக்காரிகள் என்கிறார்கள், கத்தியைப் பெருமையாகப் பாடுகிறார்கள் என்று. உண்மை. எனக்கே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றிய பாட்டுகள் உண்டு. ஆனால் ஒரு பக்கம் மட்டுமே பாடிக்கொண்டிருந்தால் ஒரு பக்கப் புலம்பல்தான் வரும். பதில் சொல்ல ஒருத்தியும் மேடையில் இல்லையே! அதற்காகவாவது பெண்கள் பாட வேண்டும்.

2017இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை உருவாக்கினார்கள். பண்டிதர் அயோத்திதாசர் சொன்ன 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை நடத்தினாரே, அவரேதான். வகுப்பில் சொல்லியிருக்கிறேன், மறந்திருந்தால் பரவாயில்லை. 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. கானா ஒரு பக்கம், ராப் ஒரு பக்கம், கிடார், பறை, சட்டி எல்லாம் ஒன்றாக. பத்தொன்பது பேர் கொண்ட குழுவில் ஒரே பெண் இசைவாணி.

பத்தொன்பது பேரில் ஒருத்தி என்றால் என்ன என்று வேலைக்குப் போகிற பெண்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஒத்திகை முடிய ராத்திரி ஆகும். வீட்டில் எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்பார்கள். தெருவில் வேறு மாதிரி கேட்பார்கள். உடை மாற்ற இடம் தேட வேண்டும். பாடுவது இதற்கெல்லாம் பிறகுதான்.

2020 நவம்பரில் பிபிசி தன்னுடைய 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. பின்லாந்துப் பிரதமராக இருந்த சன்னா மரின் இருந்த அதே பட்டியல். ஆண்கள் மட்டுமே நின்ற மேடையில் அவர் நின்றதால் மற்ற இளம்பெண்களும் கானா பாட முன்வருகிறார்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அன்றைக்கு நம் ஆட்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க அவர் படம்தான். "நம்ம ராயபுரம்டா!" அடுத்த வருஷம் பிக் பாஸ் ஐந்தாவது சீசனில் வந்தபோது இன்னும் கொஞ்சம் பெருமை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் லண்டன்காரன் சொன்ன பிறகுதான் பக்கத்துத் தெருப் பெண் கண்ணுக்குத் தெரிகிறாள் என்பது ஒரு குறுகுறுப்பு.

அந்தப் பெருமைக்குச் சோதனை 2024 நவம்பரில் வந்தது. சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்த விவாதத்தையொட்டி அவர் மேடையில் பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாட்டை, வருஷங்கள் கழித்து மாலை போடும் சீசனில் எடுத்துப் பரப்பினார்கள். காவல் துறையில் புகார்கள், கைது செய்யச் சொல்லிக் கோரிக்கை, போனில் மிரட்டல். பாட்டு யாருடைய நம்பிக்கையையும் இழிவு செய்யவில்லை என்று நீலம் அமைப்பு அறிக்கை விட்டது. நம் வீட்டிலும் மாலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நானே இருமுடிக்கு நெய்த்தேங்காய் அடைத்துக் கொடுத்திருக்கிறேன். பாட்டு பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. அதற்காகப் பாடியவளின் உடம்பையும் பிறப்பையும் பேசுவது எந்த விரதத்தில் சேர்த்தி? நாற்பத்தொரு நாள் நாக்கையும் அடக்கச் சொல்லித்தானே குருசாமிகள் சொல்லித் தருகிறார்கள்! இத்தனைக்கும் அந்தப் பாட்டைக் குழுவோடு சேர்ந்துதான் மேடையேற்றினார். கல் எல்லாம் ஒருத்தி மேல்தான் விழுந்தது.

அந்த வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு சத்தம் இல்லை. 2020இல் ஸ்டேட்டஸ் வைத்தவர்கள் காலை வணக்கம், ரோஜாப்பூ என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நம்ம ஏரியாப் பொண்ணு என்றால் பரிசு வரும் அன்றைக்கு மட்டுமா? பட்டியலில் பெயர் வந்தபோது அவருக்கு நம் தயவு தேவைப்படவில்லை. தேவைப்பட்டது அந்த நவம்பரில்தான்.

இப்போது அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு வருகிறேன். அவள் பாடட்டும். சினிமாவில் வந்த கானாவைத் திருப்பிப் பாடாமல், சொந்தமாகக் கட்டட்டும். ஒரு டீச்சர் உட்கார்ந்து எதுகை மோனை திருத்திக் கொடுக்கட்டும், யாப்பு சொல்லித்தர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பாட விஷயத்துக்கா பஞ்சம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்துப்போனது. வலையும் படகும் பிசுபிசுத்து நின்ற மீனவர்கள் வாளியும் கையுமாக எண்ணெயை அள்ளினார்கள். அந்த மாதமே பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து நள்ளிரவில் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்றைப் பற்றி 2017இல் டி.எம். கிருஷ்ணா கர்நாடக இசையில் 'பொறம்போக்கு' பாட்டு பாடினார், உலகமே கேட்டது. அந்த ஆற்றில் இறால் தடவிய அம்மாவின் மகள் பாடினால் இன்னும் ஒரு படி கூடத்தான் இருக்கும்.

உங்களில் சிலர் இன்று தலைமை ஆசிரியர்கள், சிலர் கோயில் திருவிழாக் கமிட்டியில், சர்ச் திருநாள் குழுவில், தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறீர்கள். இந்த வருஷம் ஒரே ஒரு மேடையில் கானா பாடுகிற பெண்ணைக் கூப்பிடுங்கள். ஆண் பாடகருக்குப் பேசுகிற காசையே பேசுங்கள், "வளர்ற பொண்ணுதானே, போட்டோ போடுறோம்" என்று பொன்னாடையோடு அனுப்பாதீர்கள். உடை மாற்ற ஒரு அறை, திரும்பிப் போக வண்டி. ராத்திரி பத்து மணிக்குக் கடைசியாக மேடையேற்றாமல் ஏழு மணிக்கே பாட வையுங்கள். சின்னப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது அந்த நேரத்தில்தான்.

எங்கள் குடியிருப்புப் பொங்கல் விழாவுக்கு நான் பேசிவிட்டேன். செயலாளர் தலையைச் சொறிகிறார், செலவில் பாதியை நானும் என் தம்பியும் தருவதாகச் சொன்னதும் சொறிவதை நிறுத்தினார். பாடகியை ஏற்பாடு செய்ய ராயபுரம், காசிமேடு பக்கம் இருக்கிற பிள்ளைகள் யாராவது எனக்குப் போன் செய்யுங்கள். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவேன். மற்றபடி எப்போது வேண்டுமானாலும்.

— உங்கள் டீச்சர்