தலை சிறுத்த பாம்பு

சென்ற மாதம் நம் வகுப்புப் பிள்ளைகளைத் தரங்கம்பாடிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். வலையை உதறிப் போட்ட குப்பையில் பாம்பொன்று செத்துக் கிடந்தது. வால் துடுப்பைப்போல் தட்டையாயிருந்தபடியால் கடற்பாம்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் சரீரத்தின் முன்பகுதி பென்சில் கனமே இருந்தது, தலையும் அவ்வளவே. பின்பகுதியோ பருத்துப் புடைத்திருந்தது.

"ஸார், இது நோய் கண்ட பாம்பா?" என்றான் ஒரு சிறுவன். "பெரிய மீனை விழுங்கியிருக்கும்" என்று சற்றும் தயங்காமல் விடையளித்தோம். உபாத்தியாயர்களுக்குத் 'தெரியாது' என்னும் சொல் எளிதில் நாவில் வருவதில்லை.

வீடு திரும்பிப் புத்தகங்களைப் புரட்டிய பின்னரே நம் பிசகு விளங்கிற்று. பெரிய மீனை விழுங்க அந்த வாய் இடங்கொடாது. கடலடி மணலில் வளைக்குள் ஒளிந்து வாழும் விலாங்கு வகை மீன்களே அதன் ஆகாரம். வளைக்குள் தலையையும் கழுத்தையும் நுழைத்து, அங்கேயே அவற்றைக் கடித்துப் பிடிக்கவேண்டும். பருத்த தலையானால் வாசலிலேயே நின்றுவிடுமல்லவா? அதற்காக உடல் முழுவதும் நூலாயிருந்தாலும் நடவாது. தண்ணீரை உந்தி நீந்தவும், உண்டதைச் செரிக்கவும், குட்டிகளைச் சுமக்கவும் இடம் வேண்டும். (இவ்வினம் முட்டையிடுவதில்லை.) ஆகவே பின்பகுதி கழுத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு பருத்திருக்கிறது.

அதே கடலில் வாழும் வலகடியனைப் பாருங்கள். இந்தத் தமிழ்ப் பெயர் பழைய விலங்கியல் நூல்களில் லத்தீன் உடை தரித்து உலவியதுண்டு. வலகடியன் கலங்கிய ஆழமற்ற நீரில் திரிந்து, முள்ளுள்ள கெளிற்று மீனை முழுதாக விழுங்குவது. அதற்கேற்ப அதன் தலை பெரிது. வாய் வெகு அகலமாகத் திறக்கும். விஷமும் கொடியது, வலை இழுப்போர் பலர் இதன் கடிக்கு இரையாகியிருக்கின்றனர். கரையில் கிடப்பது செத்த பாம்பாயினும் பிள்ளைகளைத் தொட விடலாகாது.

இத்தகைய வேற்றுமை உண்டாக யுகங்கள் வேண்டுமென்று எண்ணியிருந்தோம். 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, நெருங்கிய உறவுள்ள சில கடற்பாம்பினங்கள் பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே பெருந்தலையென்றும் சிறுதலையென்றும் பிரிந்துவிட்டதாகக் காட்டுகிறது. பூமியின் கணக்கில் இது நேற்றைய சங்கதி!

மறுநாள் வகுப்பில் நம் பிசகை ஒப்புக்கொண்டு இவ்வளவையும் சொன்னோம். அதே சிறுவன் எழுந்து, "அந்த மீன்கள் இல்லாமற் போனால் அது என்ன தின்னும், ஸார்?" என்று கேட்டான். கெளிற்றை விழுங்கும் தலை அதற்கு இல்லை என்றோம். கடலடியைச் சுரண்டிவரும் இழுவலை அந்த மீனையும் வாரும், பாம்பையும் வாரும். மூச்சுக்கு மேலே வர வழியின்றிப் பாம்புகள் பல வலைக்குள்ளேயே மடிகின்றன என்பதையும் சொன்னோம்.